நாகேஸ்வரி சைக்கிள் பழகிய கதை

"முன்னுக்குப் பாரும், கீழ பாராதையும். பயமாயிருந்தா கண்ணை மூடிக்கொள்ளும்" என்றார் ஈஸ்வரமூர்த்தி, மனைவி ஏறியிருந்த சைக்கிளின் சீற்றைப் பின்னால் பிடித்தபடி.

நாகேஸ்வரி சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டாள். முப்பது அடி தூரம் போய், பக்கத்து வீட்டுக்காரரின் புல்வெளியில் சரிந்தாள்.

"பறவாயில்லை. இது எல்லாருக்கும் வராது" என்று அவளைத் தூக்கிவிட்ட ஈஸ்வரமூர்த்தியின் முகத்தில் கவலை. மனதுக்குள்ளோ கொண்டாட்டம்.

விஷயம் இதுதான். ஈஸ்வரமூர்த்தி மெல்பேர்னில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எஞ்சினியர். எழுபத்தேழாம் ஆண்டு, ஈஸ்டர் முடிந்த கையோடு, கூட வேலை செய்யும் கொலின் தேநீர் நேரத்தில் ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். செப்டெம்பரில் அவனும் மனைவியும் பிரான்சுக்குப் போகிறார்களாம். டோர்டோன் என்ற ஆற்றோடு பதினாலு நாள் சைக்கிள் ஓட்டமாம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வால்நட் தோப்புகள், மேடும் பள்ளமுமாகக் குட்டி ரோட்டுகள், அரை மணிக்கு ஒரு கார் வந்தால் அதிசயமாம்.

ஈஸ்வரமூர்த்தி கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் தான் பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறைக்கு எதிர்க்காற்றில், ஹாண்டிலில் கை வைக்காமலே தினமும் ஓடியதாக எடுத்துவிட்டார். கொலினுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அடுத்த கிழமையே நாலு பேருக்கும் சேர்த்துப் பதிந்துவிட்டு வந்து முதுகில் தட்டினான்.

உண்மையில் ஈஸ்வரமூர்த்தி சைக்கிள் சீற்றில் உட்கார்ந்ததே கிடையாது. எட்டு வயதில் மாமாவின் கரியரில் இருந்து வேலிக்குள் விழுந்தவர், அதன்பிறகு பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. இதைக் கட்டின மனைவிக்குக்கூட அவர் சொன்னதில்லை.

இனி எப்படித் தப்புவது? தன் மனுசிக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, அவளை விட்டுவிட்டுத் தான் மட்டும் எப்படி வருவது என்று கொலினிடம் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரிச் சொன்னார். அவள் சைக்கிளில் ஏறி அவர் ஒருநாளும் கண்டதில்லை. கொலின் கலங்கவில்லை. அன்று பின்னேரமே தன் மனைவியின் சைக்கிளைக் கொண்டுவந்து ஈஸ்வரமூர்த்தியின் கிளென் வேவர்லி வீட்டு வாசலில் இறக்கி, உன்னைப்போல ஒரு வீரன் இருக்கும்போது அவள் பழகுவது என்ன கஷ்டம் என்று கேட்டுவிட்டுப் போனான்.

அப்போதுதான் ஈஸ்வரமூர்த்திக்கு யோசனை உதித்தது. நாகேஸ்வரி பழகாவிட்டால் பயணம் தானாக நிற்கும். பழியும் அவள் தலையில். பயண விஷயத்தைச் சொன்னபோது அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சரி, பழக்குங்கோ" என்றாள்.

அவரும் தெருச் சரிவில் தன்னால் முடிந்த அளவு மோசமாகப் பழக்கினார். இடது என்று கத்திவிட்டு வலது பக்கம் கை காட்டினார். பிறேக் பிடிப்பது கோழைத்தனம் என்றார். அவருடைய பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நாகேஸ்வரி விழுந்தாள், எழும்பினாள், மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தாள், திரும்பவும் ஏறினாள். ஒருநாள் தபால்பெட்டியைக் கட்டிப்பிடித்தாள். ஒருநாள் தபால்காரரையே.

ஒருதரம் ஓடிக் காட்டச் சொல்லி அவள் கேட்டாள். முதலில் முழங்கால் நோவு என்றார். பிறகு கேட்டபோது, பெண்கள் சைக்கிளில் ஆம்பிளை ஏறினால் அயலட்டைச் சனம் என்ன நினைக்கும் என்றார்.

ஆறாவது வாரம், சனிக்கிழமை காலை, சீற்றைப் பிடித்து ஓடியவருக்கு மூச்சு வாங்கி, கை தவறிவிட்டது. நாகேஸ்வரி விழவில்லை. சரிவில் இறங்கினாள், தெரு முடக்கில் மறைந்தாள், ஐந்து நிமிடம் கழித்து அதே மேட்டில் மணி அடித்தபடி ஏறி வந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கொலினின் கார் வந்து நின்றது. பின்னால் ஓர் ஆண்கள் சைக்கிள். இது உனக்கு என்று இறக்கிவைத்தான். நாளைக்கு நாலு பேரும் யாரா ஆற்றுப் பக்கம் ஒத்திகை ஓடப் போகிறோம், அங்கும் பிரான்ஸ் மாதிரியே மேடு பள்ளம்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஈஸ்வரமூர்த்தி அந்தச் சைக்கிளைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பிறகு நடைபாதை விளிம்பில் குந்திக்கொண்டார்.

"நாகேஸ், எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் நாகேஸ்வரி. "கலியாணத்துக்கு முதலே உங்கட அக்கா சொன்னவா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ஏன் ஒண்டும் சொல்லாமல் இருந்தனீர்?"

"உங்களுக்கு விழுறதுக்குத்தானே பயம்? விழுந்தா ஒண்டும் ஆகாதெண்டு காட்டத்தான் இவ்வளவு நாளும் விழுந்தனான்" என்று அவள் ஆண்கள் சைக்கிளை அவர் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள். "சாவகச்சேரியில ஆறு வருஷம் சைக்கிளிலயே பள்ளிக்கூடம் போய்ப் படிப்பிச்சவளுக்கு, விழுறதுதானப்பா பெரிய கஷ்டமாயிருந்தது."