லவினியாவின் தாய்ப்பன்றி

சபை மூப்பர் ஐசாக்கே கையில் கயிற்றோடு செமிசியின் வாசலில் வண்டியிலிருந்து இறங்கினார்.

கயிறு அவன் வீட்டுத் தாய்ப்பன்றிக்கு.

பன்றி ஒன்றும் அறியாமல் சீமைப்பலா மரத்தடியில் சாய்ந்து கிடந்தது. இன்னும் பத்து நாளில் குட்டி போட்டுவிடும். பக்கத்தில் செமிசியின் மனைவி லவினியா தேங்காய் உடைத்து அதற்குச் சில்லு எடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஆண்கள் கவா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்த இடத்தில், சபை மாநாட்டு விருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர் ஒரு மாடு என்றார். இன்னொருவர் முப்பது கோழி என்றார். செமிசியின் வாய் சும்மா இருக்குமா? எங்க வீட்டுப் பெரிய பன்னி என்று சொல்லிவிட்டான். அது சினை என்பதே அப்போது அவனுக்குத் தெரியாது. வளர்த்தது அவனாக இருந்தால்தானே தெரியும்.

வளர்த்தவள் லவினியா. தாய் செத்த குட்டியை மடியில் போட்டுப் பால் புகட்டி ஆளாக்கியவள். போன வாரம் விஷயம் காதுக்கு வந்த நாளிலிருந்து அவனோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

சபைக்குச் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கினால், அப்புறம் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. கொடுத்தால் வீட்டுக்குள் தலைகாட்ட முடியாது. செமிசி ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

"சினை மாதிரி தெரியுதே தம்பி," என்றார் மூப்பர். "வேற ஏதாச்சும் இருந்தா அதையே குடேன்."

"வேற இல்லண்ணே."

மனைவி இருந்த பக்கம் திரும்பாமலே சொன்னான். மூப்பர் வருத்தத்தோடுதான் சுருக்குப் போட்டார்.

அப்போது செமிசியின் அக்கா காலோலைன் உள்ளே வந்தாள்.

விசேஷத்துக்குக் கட்டுகிற பாயை இடுப்பில் சுற்றி, எண்ணெய் வைத்துப் படியச் சீவி, ஏதோ காரியத்துக்குக் கிளம்பியவள் மாதிரி வந்திருந்தாள். செமிசியின் தலை தானாகக் குனிந்தது. நாற்பத்தைந்து வயதாகியும் அக்கா எதிரில் அது நிமிர்ந்ததில்லை.

அவள் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. பன்றியை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"இது எனக்கு வேணும்."

அவ்வளவுதான். டோங்காவில் தம்பி வீட்டில் அக்கா கேட்ட பொருளுக்கு மறுபேச்சு கிடையாது. ரேடியோவைக் கேட்டாள், கொடுத்தான். தையல் இயந்திரத்தைக் கேட்டாள், கொடுத்தான். கேட்டு வாங்கிப் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

மூப்பர் கயிற்றை விட்டுவிட்டார். அவர் வீட்டுக்கும் அக்காமார்கள் வருவதுண்டு.

"அக்கா கேட்ட பிறகு நமக்கு என்ன பேச்சு. நீ நாலு மூட்டை சேப்பங்கிழங்கு குடுத்துரு தம்பி. சபையில நான் சொல்லிக்கிறேன்."

செமிசியின் மானம் தப்பியது. பன்றி தப்பவில்லை. சபைக்கென்று வந்த வண்டியிலேயே அதை ஏற்றச் சொல்லி, தானும் முன்னால் ஏறிக்கொண்டு, பக்கத்து ஊரிலிருக்கும் தன் வீட்டுக்கு விடச் சொன்னாள் அக்கா. மூப்பர் வண்டியைக் கிளப்பினார்.

செமிசி மனைவியின் முன்னால் போய் நின்றான்.

"நான் என்ன செய்யட்டும் லவினியா? அக்கா கேட்டுட்டாங்களே."

"நான்தான் கேக்க வச்சேன்."

ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நேத்து சந்தையில மதினியப் பாத்தேன். பன்னி சினையா இருக்கு, நாளைக்குச் சபைக்குப் போகுதுன்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

செமிசிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "சபைக்குப் போனா என்ன, அக்காவுக்குப் போனா என்ன? நமக்கு இல்லைன்னு ஆயிருச்சே."

"இல்லாமப் போகட்டும்." தேங்காய்ச் சில்லுகளை வாளியில் அள்ளினாள். "அது என் கையால வச்சாத்தான் தின்னும்னு மதினிகிட்ட சொல்லிருக்கேன். தெனம் ரெண்டு வேளை வந்து வச்சிட்டுப் போன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

உள்ளே போனவள், கோயிலுக்குப் போட்டுப் போகிற நீல உடுப்பில் வெளியே வந்தாள். தலையை அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொண்டாள். பன்னிக்குத் தீனி வைக்க இந்த உடுப்பா என்று கேட்க வாயெடுத்த செமிசி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பாயில் தவழ்ந்துகொண்டிருந்த லவினியாவின் பத்து மாதக் குழந்தை லோசேயைக் கையில் தூக்கிக்கொண்டு, அக்கா இப்படித்தான் கேட்டாள். அன்றைக்கும் செமிசி தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றான். கொடுத்த பிள்ளையைப் போய்ப் போய்ப் பார்த்தால் திருப்பிக் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று, பெற்றவளை அந்த வாசல் மிதிக்கவிடாமல் வைத்திருந்ததும் அவன்தான்.

லவினியா வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கிட்டத்தட்ட ஓடினாள்.

அந்தப் பன்றி யார் போட்டாலும் தின்னும். செமிசியின் செருப்பையே தின்றிருக்கிறது.

செமிசி அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.