ரூம்ல வேற யாரு?

காணொளி அழைப்பில் நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ரூம்ல உங்களோட வேற யாராவது இருக்காங்களா?" பக்கத்தில் ஆள் இருந்தால், நோயாளி வாய் திறக்குமுன் அந்த ஆளே பதில் சொல்லிவிடுவார். நர்சிங் மாணவிகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

வீட்டில் தனியாக உட்கார்ந்து, கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டு, அவர்கள் நோயாளிகளிடம் பேசுவதைக் கண்காணிப்பது என் வேலை. இன்றைக்கு வந்தவளும் எடுத்த எடுப்பில் மாத்திரை பற்றிய கேள்விக்குப் போனாள்.

மைக்கைத் திறந்தேன். "லைன்ல இருக்கற ஒவ்வொருத்தரையும் கேக்கணும்னு எத்தனை தடவைம்மா சொல்றது?" என்று கத்திவிட்டு மறுபடி அணைத்தேன்.

அவள் பதறிப்போய் நோயாளியைக் கேட்டாள்.

"நான் மட்டுந்தாம்மா," என்றார் அந்த அம்மாள்.

அதோடு விட்டாளா? "மேடம், உங்க ரூம்ல?" என்று என்னையும் கேட்டாள்.

தலையில் அடித்துக்கொண்டு மைக் பொத்தானைத் தேடினேன்.

"யாருமில்லம்மா, நீ மேல கேளு," என்று என் குரல் பொறுமையாகப் பதில் சொன்னது. அவள் தலையாட்டிவிட்டு மாத்திரைக்குப் போனாள்.

திரையில் என் மைக் அணைந்தே இருந்தது. நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.