விட்டுவைத்த கொப்பு

“ஓட்டு மேல சாஞ்ச பெரிய கொப்பு மட்டும் போதுமாம்மா? மாடி ஜன்னல மறைக்கிற கொப்பையும் எடுக்கணுமா?” மரம் வெட்ட வந்த சிராஜுதீன், வாளைத் தோளில் மாட்டியபடி கேட்டான்.

“இரு, அவர்ட்ட கேட்டுண்டு வரேன்.” ஜயலக்ஷ்மி மாடிக்குப் போய்த் திரும்பினாள். “ரெண்டையும் வெட்டச் சொல்றார். ஓடு ஒண்ணு உடைஞ்சாலும் சத்தம் போடுவார்.”

“கயித்துல கட்டித்தாம்மா இறக்குவோம். ஐயா வந்து பாக்க மாட்டாகளா?”

“முட்டி வலி. ஆனா பாம்புக் காது.”

கயிற்றோடு நின்ற அவன் உதவியாள் ரசீத் சிரித்தான். “அப்பம் பையப் பேசும் வே!”

பெரிய கொப்பு அறுபட்டு, கயிற்றில் தொங்கியபடி மெல்ல மண்ணைத் தொட்டது. ஓர் ஓடும் அசையவில்லை. சிராஜுதீன் அடுத்த கொப்புக்குத் தாவி, வாளை வைக்கப் போனவன், மாடி ஜன்னலையே பார்த்தான். பிறகு வெட்டாமல் இறங்கினான்.

“ஏம்ப்பா?” என்றாள் ஜயலக்ஷ்மி.

அவன் ரசீத்துக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான். “அங்கன இருந்து பாத்தா உள்ள எல்லாம் தெரியுதும்மா. வெறும் நாற்காலி. சுவத்துல மாலை போட்ட ஐயா படம். அந்தக் கொப்பு இருக்கட்டும். நீங்க தனியா இருக்கீயன்னு வேற யாருக்கும் தெரிய வேண்டாம்.”

ஜயலக்ஷ்மி மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன வே, ஒரு கொப்ப விட்டுட்டீரு?” என்று ரசீத் கத்தினான்.

“ஐயா இப்பத்தாம்லே ஜன்னல் வழியா வேண்டாம்னுட்டாக!”