மணிக்கட்டுக்குள் காவலாளி

தையல்காரி பர்வீனின் கட்டைவிரல் பயந்துபோய்க் கிடந்தது. கொஞ்சம் அசைந்தாலும் போதும், மணிக்கட்டின் குறுகலான பாதைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அலறும். எலும்பைத் தின்ன வந்த பேய் என்றே நினைத்து, விரல் அசையாமல் கிடந்து மெலிந்துபோனது.

"அந்த வலி உங்க கைக்குக் காவலாளிதாம்மா. மெதுவா அசைச்சுப் பழக்குங்க" என்றார் பிசியோதெரபி டாக்டர்.

விரல் மெல்ல மடங்கியது.

"யாரது?" என்று உள்ளே அலறல்.

"நான்தான் அண்ணே, கட்டைவிரல். ஏன் இப்படிக் கத்துறீங்க?"

"எனக்குக் கண் கிடையாது. தெரியாத அரவம் கேட்டா கத்துவேன். நீ வராம நின்னதும் உன் அரவமே மறந்துபோச்சு."

விரல் மறுபடி மடங்கி நிமிர்ந்தது. அலறல் முனகலானது.

"நீதானா?" இருட்டுக்குள் அந்தக் குரல் வெகு பக்கத்தில் வந்துவிட்டது. "போயிடாதே. இங்கே தனியா இருக்க எனக்கும் பயமா இருக்கு."