ஒன்பது எம்.எம்.தான் வேணும்

“இந்த வாட்டியும் ரிஜெக்ட் ஆயிடுச்சு அய்யா.”

மெஹ்ரீன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். பாகூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் அவளுடைய ஆன்லைன் சென்டரில் பட்டா, சாதிச் சான்றிதழ், கரண்ட் பில் எல்லாம் சட்டென்று முடிந்துவிடும். சிங்காரவேலுவின் துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் முடிவேனா என்கிறது.

சிங்காரவேலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இன்னா காரணம் சொல்றாங்க?”

“நீங்க கேட்ட பாயிண்ட் முப்பத்தெட்டு ரிவால்வர் பொதுஜனத்துக்குக் கிடையாதாம். போலீசுக்கும் மிலிட்டரிக்கும்தானாம்.”

“அப்படியா? சரி, ஒன்பது எம்.எம். பிஸ்டல்னு போடு.”

“அய்யோ, அதுவும் அப்படித்தான் அய்யா! அதைக் கேட்டுத்தானே மொதல்ல திரும்பி வந்துச்சு?”

“அப்ப குடுக்கல. இப்ப மனசு மாறியிருப்பாங்க.”

மெஹ்ரீனுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அடக்கிக்கொண்டு இன்னொரு படத்தைத் திறந்தாள்.

“உங்களுக்காகவே தேடி வெச்சிருக்கேன், பாருங்க. பாயிண்ட் முப்பத்திரண்டு ரிவால்வர். நம்ம நாட்டுலயே செய்றாங்க. சட்டத்துக்கும் கரெக்டா ஒத்து வருது. இதைக் கேட்டிருந்தா எப்பவோ உங்க கையில இருக்கும்.”

சிங்காரவேலு படத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

“இன்னா பாப்பா இது? தீபாவளிக்குப் பசங்க பொட்டுவெடி வெடிக்கிற துப்பாக்கியாட்டம் கீது. பதினஞ்சு காணி கரும்பு போடறவன் இதை இடுப்புல சொருவிக்கினு போனா ஊரு சிரிக்காது?”

சில பேர் அப்படித்தான். தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். கிடைக்காததைக் கேட்டுக் கேட்டு அடுத்தவர் உயிரை வாங்குவார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த தம்பி புகழ்வேந்தன் பல்லைக் கடித்தான். துப்பாக்கி வேண்டும் என்று முதலில் கிளப்பியவனே அவன்தான். அவன் பேரில் ஒரு அடிதடி கேஸ் நடப்பதால் லைசென்ஸை அண்ணன் பேரில் கேட்கும்படி ஆகிவிட்டது.

“எண்ணா, கெடைக்கிறதை வாங்கித் தொலையேன். பக்கத்து வயல் பச்சையப்பன் நேத்தும் நம்ம வாய்க்காலை அடைச்சுட்டான். உனக்கு ரோசமே இல்லியா?”

“ரோசம் இருக்கறதாலதான்டா பெருசா கேக்கறேன். வாங்குனா ஒன்பது எம்.எம். இல்லாட்டி வேணவே வேணாம்.”

“நீ கேட்டுக்கினே இரு. அவன் நம்ம தண்ணியை மொத்தமா குடிச்சு முடிக்கட்டும்.”

வெளியே ஒரு பஸ் காது கிழியும்படி ஹாரன் அடித்தது. புகழ்வேந்தன் தன் பைக்கை நட்டநடு வழியில் நிறுத்தியிருந்தான்.

“எவன்டா அவன்? கண்ணு தெரியல? ஒடிச்சுப் போனா இன்னா?”

சட்டைக் கையை மடித்துவிட்டபடி ஓடினான். அடுத்த நிமிஷம் டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்த்தார்கள்.

இதுதான் சமயம் என்று மெஹ்ரீனுக்குத் தோன்றியது. பாவம், இந்த மனுஷர் இன்னும் எத்தனை முறை நடப்பார்? நாமாவது ஒரு நல்லது செய்வோமே! புதிய விண்ணப்பத்தைத் திறந்து மளமளவென்று தட்டினாள்.

“அய்யா, கோவிச்சுக்காதீங்க. நான் முப்பத்திரண்டே போட்டுட்டேன். இந்த வாட்டி கண்டிப்பா கெடைச்சுடும்.”

அனுப்புவதற்காக மவுஸை நகர்த்தினாள்.

அடுத்த விநாடி சிங்காரவேலுவின் நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அந்த வயதில் அப்படி ஒரு பாய்ச்சலை அவரிடம் யாரும் எதிர்பார்க்க முடியாது. மேசைமேல் பாதி உடம்பைக் கிடத்தி, மவுஸை அவள் கையிலிருந்து பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“அழுத்தாத பாப்பா! உனக்குப் புண்ணியமாப் போவும்!”

“ஏன் அய்யா? இது சட்டப்படி கெடைக்கிற துப்பாக்கிதானே?”

“அது எனக்குத் தெரியாதா? எதெது கெடைக்காதுன்னு நாலு பேரை விசாரிச்சுக்கினுதானே ஒவ்வொரு வாட்டியும் இங்க வர்றேன்!”

மெஹ்ரீன் திருதிருவென்று விழித்தாள்.

“அப்ப துப்பாக்கி வேணாம்னு உங்க தம்பிகிட்டயே சொல்லிட வேண்டியதுதானே?”

“நான் வேணாம்னா, நெலத்தைப் பிரிச்சுக் குடுன்னு நிப்பான். கவர்மெண்டு வேணாம்னா வாயை மூடிக்குவான்.”

“அதுக்காகக் கெடைக்காத துப்பாக்கிக்கு எவ்வளவு நாளைக்கு அப்ளை பண்ணுவீங்க?”

சிங்காரவேலு வாசலை எட்டிப் பார்த்தார். பஸ் கிளம்பிவிட்டது. புகழ்வேந்தன் பைக்கை ஓரம் கட்டிவிட்டு, இன்னும் ஆறாத கோபத்தோடு சென்டரைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவசரமாகச் சொன்னார்.

“துப்பாக்கி வர்ற வரைக்கும் பச்சையப்பன் மேல கை வெக்க மாட்டேன்னு எங்கம்மா படத்துக்கு முன்னால சூடம் அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கான், பாப்பா. முன்கோபக்காரன்தான், ஆனா சொன்ன சொல்லு தவற மாட்டான் என் தம்பி.”