தங்கம் ஏறிய கரி

இடஒதுக்கீட்டு மறியலுக்கு வெட்டிய புளியமரம் கள்ளக்குறிச்சிச் சாலையை அடைத்துக் கிடக்கிறது. சஃபாரி சூட்டில் நிற்கும் கம்பெனி மேனேஜர் ராஜாங்கத்துக்குக் கால் தரிக்கவில்லை. கல்வராயன் மலைக் கல்லை அரைத்துக் கரைத்து, மூன்று மாதம் தங்கத்தை உறிஞ்சவைத்த கொட்டாங்கச்சிக் கரி, அவருடைய ஜீப்பில் இல்லை. சாலையோரம் துணி தேய்க்கும் பழனியின் இஸ்திரிப் பெட்டிக்குள் கனன்றுகொண்டிருக்கிறது. மறியலில் பேச வந்த தலைவர் சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டுப் பனியனோடு காத்திருக்க, பழனி பெட்டியை வீசி வீசி அனல் ஏற்றுகிறான். சாம்பல் பறக்கிறது. "வீசாதய்யா, அந்தச் சாம்பல்லதான் தங்கமே இருக்கு!" கம்பெனி ரகசியத்தை ராஜாங்கமே கூவிவிடுகிறார். "ஜீப்புல கேக்க ஆளில்லாம கெடந்துச்சி, எடுத்துக்கினேன் சார்" என்கிறான் பழனி. கூட்டம் சிரிக்கிறது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. தேய்த்த சட்டையில் படிந்த சாம்பலை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை உருவி நீட்டுகிறார்: "இன்னா பாத்துக்கினு நிக்கற? கரி ஆறிடப்போவுது, இதையும் தேய்ச்சிடு."