ஒரே வீட்டில் இரண்டு ஏணி

மிஸஸ் டக்வர்த்தின் மாடிப் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்த எட்கர், பக்கத்து ஜன்னலில் இன்னொருவனும் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஏணியிலேயே உறைந்து போனான். வீட்டில் யாரும் இல்லை. இருவர் கையிலும் ஈரத்துணி இருந்தது.

"கிளெம்! இது என் தெருடா!"

"அப்படியா? உன் பேர் எங்க எழுதியிருக்கு? கொஞ்சம் காட்டேன்."

அந்த லங்காஷயர் ஊரை ஜன்னல் துடைப்பவர்கள் தெருத் தெருவாகப் பங்கு போட்டு வைத்திருந்தார்கள். ஒருவன் தெருவில் மற்றவன் ஏணி சாய்ப்பது, அவன் மனைவியோடு கைகோத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போவதைவிடக் கேவலம்.

கிளெம் ஏற்கெனவே எட்கரின் இரண்டு தெருக்களை விழுங்கியிருந்தான். மிச்சமிருந்தது ஆல்டர் தெரு. அதுவும் போனால், மச்சான் மேஸ்திரியாக இருக்கும் பிஸ்கட் ஆலைதான் கதி. அந்த மச்சான் எட்கரின் வழுக்கைத் தலைக்கு ஆலையில் எல்லோரும் மாட்டும் முடிவலை ஒன்றை இப்போதே வாங்கி வைத்துவிட்டான்.

"இறங்குடா கீழே!"

"நீ முதல்ல இறங்கு!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பிளாக்பூலில் விடுமுறை கழித்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்த மிஸஸ் ஹாப்வுட், தலை நிறையச் சுருள்களும் கையில் தேநீருமாக வெளியே வந்தாள். "ஏம்ப்பா, ரெண்டு காக்கா மாதிரி மேல உட்கார்ந்துக்கிட்டு என்ன கத்தல்? ஒரு வாய் டீ நிம்மதியா உள்ள போகுதா?"

தபால்காரரும் ரொட்டி வண்டிக்காரரும் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

கிளெமின் குரல் திடீரென்று தேனாகிவிட்டது. "எதுக்குச் சண்டை? அந்த ஜன்னல் உனக்கு, இந்த ஜன்னல் எனக்கு. எது பளிச்சுன்னு இருக்கோ அவனுக்குத்தான் தெரு. மிஸஸ் ஹாப்வுட் சொல்லட்டும், நான் கட்டுப்படறேன்."

எட்கர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கிளெம் துடைத்தால் மூலைக்கு மூலை சோப்புக் கறை நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். "சரி! பேச்சு மாறக்கூடாது!"

எட்கர் நுரை போட்டான், தேய்த்தான், தண்ணீரை வழிக்கும் ரப்பர் பட்டையை மேலிருந்து கீழாக இழுத்தான். அது எலி மாதிரிக் கீச்சிட்டது. நெற்றியில் வியர்வை வழிந்தது.

கிளெம் பதறவே இல்லை. பாதிரியார் ஆசி வழங்குவதுபோல அவன் கை இப்படியும் அப்படியும் மிதந்தது. நடுவில் ஒருமுறை வாயைக் குவித்து 'ஹா' என்று ஊதி, முழங்கையால் மெருகுகூடப் போட்டான்.

"கையைப் பாருங்கய்யா," என்றார் தபால்காரர். "சத்தமே வரலையே!"

"நல்ல ரப்பர் கத்தாதுங்க," என்றான் கிளெம்.

இருவரும் இறங்கினார்கள். எல்லோரும் எதிர்ப்பக்க நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். மிஸஸ் ஹாப்வுட் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எட்கர், உன்னோடது நல்லாத்தான் இருக்குப்பா. ஓரத்துல மட்டும் லேசா மங்கல். ஆனா கிளெமோடது... அடேங்கப்பா! திரையில இருக்கற பூவேலையை எண்ணிடலாம் போல. கண்ணாடி இருக்கறதே தெரியல!"

எட்கர் நிமிர்ந்து பார்த்தான். ஒரு கோடு இல்லை, ஒரு துளி இல்லை. அவன் தொழில் விஷயத்தில் பொய் சொல்லத் தெரியாதவன்.

"முப்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன்," என்றான். "இப்படி ஒரு கண்ணாடிய நான் பார்த்ததே இல்ல."

தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினான். தெரு கைமாறுவது அங்கே அப்படித்தான். சாட்சிகள் முன்னால் கை குலுக்கிவிட்டால் பிறகு பேச்சில்லை.

"எல்லாம் கைராசிதான், எட்கர்," என்று அடக்கத்தோடு சொல்லி, கிளெம் தன் கையை நீட்டினான்.

விரல்கள் தொடும் நேரத்தில், மிஸஸ் டக்வர்த் கூடையோடு தெருமுனை திரும்பினாள். கிளெமின் ஏணி எந்த ஜன்னலில் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தாள். முகம் மலர நேராக அவனிடம் வந்தாள்.

"அப்பாடா! உடைஞ்சு விழுந்த கண்ணாடிக்குப் பதிலா வேற போட ஆள் வந்தாச்சா?"